ஃபெஞ்சலைக் கணிப்பதில் மாதிரிகள் ஏன் தடுமாறின? வெப்பமண்டல அவதானிப்புகள் குறித்து ஒரு பதில்

கேள்வி இதுதான்: "2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலாகுமா ஆகாதா என்பதே நாளுக்கு நாள் மாறிக்கொண்டிருந்தது. இத்தனை செயற்கைக்கோள்கள், ரேடார்கள், பலூன்கள் இருக்கின்றன. ஐரோப்பாவில் ஐந்தாறு நாள் முன்பே தெளிவாகச் சொல்லிவிடுகிறார்கள். நம் பகுதியில் எடுக்கும் அளவீடுகளைக் கணினி மாதிரிகள் பயன்படுத்துவதே இல்லையா? தெருவுக்கு ஒரு தானியங்கி வானிலை நிலையம் வைத்தால் நிலைமை சரியாகிவிடாதா?"

பயன்படுத்துகின்றன; அதில் சந்தேகம் வேண்டாம். மீனம்பாக்கத்திலும் காரைக்காலிலும் பறக்கவிடப்படும் பலூன்களின் அளவீடுகள் சில மணி நேரத்துக்குள் நொய்டாவில் இருக்கும் தேசிய நடுத்தரக் கால வானிலை முன்கணிப்பு மையத்துக்குப் போய்விடும். இங்கிலாந்தின் ரெடிங்கைத் தலைமையிடமாகக் கொண்ட ஐரோப்பிய வானிலை முன்கணிப்பு மையத்துக்கும் (இனி ஐரோப்பிய மையம்), அமெரிக்க, ஜப்பானிய மையங்களுக்கும் அதே வேகத்தில் போகும். வானிலைத் தரவைப் பொறுத்தவரை நாடுகளுக்கிடையே பெரிய ஒளிவுமறைவு கிடையாது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. லண்டனுக்கு மேலே எடுத்த ஒரு வெப்பநிலை அளவீடு மாதிரிக்குச் சொல்லும் செய்தியில் பெரும்பகுதியை, புதுச்சேரிக்கு மேலே எடுத்த அதே அளவீடு சொல்வதில்லை. கருவி குறையுடையது என்பதால் அல்ல. பூமி உருண்டையாக இருந்து சுழல்வதால்.

அதற்குப் போகுமுன் ஃபெஞ்சலில் உண்மையில் என்ன தவறியது என்று பார்த்துவிடலாம். கரை கடக்கும் இடம் பெரிதாகத் தவறவில்லை. காரைக்காலுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையில், புதுச்சேரியை ஒட்டி என்று சொன்னார்கள். நவம்பர் 30 இரவு அப்படியே நடந்தது. தடுமாறியது வலிமையும் வேகமும்தான். 26ஆம் தேதியே ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகிவிட்டது, மறுநாள் புயலாகும் என்றார்கள், ஆகவில்லை. இலங்கையின் கிழக்குக் கரையை ஒட்டி மெல்ல ஊர்ந்தது. 28ஆம் தேதி, புயலாகாமலே கரை கடக்கும் என்று அறிவிப்பு மாறியது. 29ஆம் தேதி பிற்பகல் புயலாகிவிட்டது. கரை கடந்த பிறகு நகராமல் புதுச்சேரியை ஒட்டியே நின்று, அங்கே 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் 51 செ.மீ. அதற்கு மறுநாள், கடலிலிருந்து வெகு தொலைவில் இருக்கும் ஊத்தங்கரையில் 50 செ.மீ.

இதில் "புயலா, இல்லையா" என்ற விவாதத்துக்கு ஊடகங்கள் கொடுத்த இடம் மிக அதிகம் என்பது என் கருத்து. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வரையறையில் காற்று மணிக்கு 61 கிலோமீட்டர் வரை வீசினால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62 ஆனால் புயல். அந்த 61-ஐயும் 62-ஐயும் வங்கக்கடலின் நடுவில் யார் அளந்தார்கள்? யாரும் இல்லை. அட்லாண்டிக்கில் அமெரிக்கர்கள் புயலுக்குள்ளேயே விமானத்தைச் செலுத்தி, மேலிருந்து பாராசூட் கட்டிய அளவுக் கருவிகளைப் போடுகிறார்கள். மேற்குப் பசிபிக்கில் அமெரிக்கா செய்துவந்த அத்தகைய பறப்புகள் 1987-இல் நின்றுபோயின. வங்கக்கடலில் வழக்கமான பணியாக அது இருந்ததே இல்லை. இங்கே புயலின் வலிமை பெரும்பாலும் செயற்கைக்கோள் படத்தில் மேகம் சுருண்டிருக்கும் விதத்தைப் பார்த்து, 1970-களில் வெர்னான் டுவோராக் வகுத்த முறைப்படி மதிப்பிடப்படுகிறது. நல்ல முறைதான், ஐம்பது ஆண்டுகளாக உழைக்கிறது. ஆனால் அதன் பிழை எல்லை பத்துப் பதினைந்து கிலோமீட்டரைத் தாராளமாகத் தொடும். ஆக, மூன்று நாளாக மக்களைக் குழப்பிய அந்த வேறுபாடு, அளவீட்டின் பிழைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. புயல் என்ற பட்டம் கிடைக்காவிட்டாலும் மழை அதே மழையாகத்தான் இருந்திருக்கும்.

இனி அடிப்படைக்கு வருவோம். முன்கணிப்பு மாதிரி ஒவ்வொரு முறையும் வெறுமையிலிருந்து தொடங்குவதில்லை. சில மணி நேரத்துக்கு முன் ஓட்டிய கணிப்பு, இந்த நேரத்தில் வளிமண்டலம் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு முழுப் படத்தைத் தந்திருக்கும். வரும் அளவீடுகள் அந்தப் படத்தைத் திருத்துகின்றன. எவ்வளவு திருத்துவது என்பது இரண்டு பிழைகளின் ஒப்பீட்டைப் பொறுத்தது: முந்தைய கணிப்பில் எவ்வளவு பிழை இருக்கலாம், அளவீட்டில் எவ்வளவு பிழை இருக்கலாம். இதற்குத் தரவு ஒருங்கிணைப்பு என்று பெயர். இன்னொரு முடிவும் எடுக்க வேண்டும், அதுதான் முக்கியம். ஓரிடத்தில் எடுத்த ஒரு வெப்பநிலை அளவீடு, நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வெப்பநிலையையும், அங்கே வீசும் காற்றையும் எவ்வளவு மாற்ற வேண்டும்? அளவீடுகள் எப்போதும் குறைவு. நிரப்ப வேண்டிய புள்ளிகளோ கோடிக்கணக்கில். எனவே ஒரு மாறியைக் கொண்டு இன்னொன்றை ஊகித்துத்தான் ஆக வேண்டும்.

ஐரோப்பா இருக்கும் நடு அட்சரேகைகளில் இந்த ஊகம் அழகாக வேலை செய்கிறது. பூமி சுழல்வதால் காற்றைத் திருப்பும் கொரியோலிஸ் விசை அங்கே வலுவானது. அழுத்த வேறுபாடு காற்றை ஒரு பக்கம் தள்ள, பூமியின் சுழற்சி மறுபக்கம் திருப்ப, இரண்டும் ஏறக்குறைய சமமாகி, காற்று சம அழுத்தக் கோடுகளை ஒட்டியே ஓடுகிறது. அழுத்தம் தெரிந்தால் காற்று தெரிந்துவிடும். வெப்பநிலை தெரிந்தால், உயரத்துக்கு உயரம் காற்று எப்படி மாறும் என்பதும் தெரிந்துவிடும். செயற்கைக்கோள் நேரடியாகக் காற்றை அளக்காவிட்டாலும், வெப்பநிலையை அளந்தே காற்றின் பெரும்பகுதியைத் தந்துவிடுகிறது. ஐரோப்பாவில் ஐந்து நாள் கணிப்பு நிற்கும் அஸ்திவாரம் இதுதான்.

கொரியோலிஸ் விசையின் அளவு அட்சரேகையின் சைன் மதிப்போடு கூடிக் குறையும். லண்டனில் இருப்பதில் நான்கில் ஒரு பங்கை ஒட்டித்தான் புதுச்சேரியில் இருக்கிறது. கன்னியாகுமரியில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. நிலநடுக்கோட்டில் பூஜ்யம். அந்தச் சமநிலை இங்கே தளர்ந்துவிடுகிறது. வெப்பநிலை வேறுபாடு எங்காவது தோன்றினாலும் அதைத் தடுத்து நிறுத்திவைக்கச் சுழற்சியின் வலு இல்லை. அலைகளாகப் பரவி விரைவில் சமமாகிவிடும். அதனால்தான் வெப்பமண்டலத்தில் ஐந்தாறு கிலோமீட்டர் உயரத்தில் ஆயிரம் கிலோமீட்டர் பயணித்தாலும் வெப்பநிலை ஓரிரு டிகிரிதான் மாறுகிறது. இந்தச் சிறு வேறுபாட்டுக்குள், அரை டிகிரி பிழையுள்ள கருவியால் என்ன செய்தி சொல்ல முடியும்?

அழுத்தத்தின் கதையும் இதுவே. சென்னையில் காற்றழுத்தம் தினமும் காலை பத்து மணியளவில் உச்சத்துக்கு ஏறி, பிற்பகல் நான்கு மணியளவில் இறங்கும். சூரிய வெப்பத்தால் வளிமண்டலத்தில் எழும் ஓதம் இது. வேறுபாடு மூன்று நான்கு எக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) வரை இருக்கும். வங்கக்கடலில் ஒரு தாழ்வுப் பகுதி உருவாகும்போது ஆரம்பத்தில் இறங்கும் அழுத்தமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஐரோப்பியப் புயலில் 30, 40 எக்டோபாஸ்கல் இறங்குவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது அளவீட்டுப் பிழைபோலவே தோன்றும்.

ஆகவே வெப்பமண்டலத்தில் காற்றைக் காற்றாகவே அளக்க வேண்டும். ஈரப்பதத்தை ஈரப்பதமாகவே அளக்க வேண்டும். மற்றொன்றிலிருந்து ஊகிக்கும் வசதி இங்கே மிகக் குறைவு. உங்கள் கேள்விக்கு ஒரே வரியில் விடை வேண்டுமென்றால் அது இதுதான்.

காற்றை நேராக அளந்தால் என்ன கிடைக்கும் என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. பசிபிக்கில், நிலநடுக்கோட்டுக்கு மூன்று டிகிரி தெற்கே, கேன்டன் என்றொரு சிறு பவளத்தீவு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கே பல ஆண்டுகள் தவறாமல் பலூன் பறக்கவிட்டார்கள். ஏறத்தாழ பத்தாண்டுக்கால அந்தக் காற்றளவீடுகளை எடுத்து அலசிய ரோலண்ட் மேடன், பால் ஜூலியன் இருவரும் 1971-இல், காற்று ஏறக்குறைய 40 முதல் 50 நாளுக்கு ஒருமுறை மாறி மாறி வருவதைக் கண்டார்கள். இன்று பருவமழைக் காலத்தில் "மேடன்–ஜூலியன் அலைவு இந்தியப் பெருங்கடலுக்கு வந்துவிட்டது, மழை கூடும்" என்று வானிலையாளர்கள் சொல்வது அந்தக் கண்டுபிடிப்பைத்தான். வரைபடத்தில் தேடினாலும் கண்ணில் படாத ஒரு தீவில், சலிக்காமல் பலூன் விட்ட ஊழியர்களின் வேலை அது. அதே தீவில் ஒரு நிலையத்தைத் தொடர்ந்து நடத்த இன்று பணம் கேட்டால் எந்த நிதிக்குழுவும் ஒப்புதல் தராது என்றுதான் நினைக்கிறேன்.

1974 கோடையில் செனகலின் டக்காரைத் தளமாக வைத்து, கிழக்கு அட்லாண்டிக்கில் ஒரு மாபெரும் பன்னாட்டு அவதானிப்பு முயற்சி நடந்தது. சுமார் 40 கப்பல்கள், ஒரு டஜன் விமானங்கள். வெப்பமண்டல மேகக்கூட்டங்கள் வெப்பத்தையும் ஈரத்தையும் எப்படி மேலே கொண்டுபோகின்றன என்று அளப்பதே நோக்கம். 1979-இல் பருவக்காற்றை மையமாகக் கொண்ட முயற்சி அரபிக்கடலிலும் வங்கக்கடலிலும் நடந்தது. 1992–93-இல் மேற்குப் பசிபிக், 1999-இல் மீண்டும் வங்கக்கடல், 2011-இல் மாலத்தீவின் கன் தீவை மையமாகக் கொண்ட இந்தியப் பெருங்கடல் முயற்சி. கடைசியாகச் சொன்னதில் கொழும்பு பலூன் நிலையமும் வலைப்பின்னலில் ஒன்றாக இருந்தது. இவை மாதிரிகளின் இயற்பியலைத் திருத்தப் பேருதவி செய்தன. தினசரிக் கணிப்புக்கு உதவுபவை அல்ல. கப்பல்கள் திரும்பியதும் அந்த இடம் மறுபடி வெறுமையாகிவிடும்.

அளவீடு வந்த பிறகும் மாதிரி அதை ஏற்றுக்கொள்ள வேண்டுமே, அதுவே தனிக் கதை. 1970-களின் இறுதியில், மாதிரிகளின் தொடக்க நிலையில் தோன்றும் பொய் அலைகளை வடிகட்ட ஒரு கணித முறை புழக்கத்துக்கு வந்தது. தேவையான முறைதான். 1910 மே மாதத்தின் ஒரு நாளுக்கு லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன் கையால் கணக்கிட்டுப் பார்த்த உலகின் முதல் எண்முறைக் கணிப்பு, ஆறு மணி நேரத்தில் 145 எக்டோபாஸ்கல் மாறும் என்று அபத்தமாக முடிந்ததற்கு இந்தப் பொய் அலைகள்தான் காரணம். ஆனால் நடு அட்சரேகைச் சமநிலையை மனத்தில் வைத்து வகுத்த அந்த வடிகட்டி, வெப்பமண்டலத்தில் பொய்யோடு மெய்யையும் சேர்த்துக் கழுவியது. காற்று ஓரிடத்தில் குவிந்து மேலெழுந்து மழையாகி உயரத்தில் விரியும் சுழற்சிதான் இங்கே வானிலை என்பதே. அதையும் இரைச்சல் என்று நினைத்து வடிகட்டி நீக்கியது. அளவீட்டில் இருந்த பருவக்காற்று, மாதிரி ஓடத் தொடங்குமுன்பே பாதி காணாமல் போனது.

இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டியவர்களில் முக்கியமானவர் சென்னையில் பிறந்து, ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டுகள் பணியாற்றிய டி. என். கிருஷ்ணமூர்த்தி (1932–2018). 1990-களின் தொடக்கத்தில் அவரும் அவர் குழுவினரும் முன்வைத்த வழி சாதுரியமானது. செயற்கைக்கோளும் மழைமானிகளும் ஓரிடத்தில் மழை பெய்தது என்று சொல்கின்றன. அந்த மழை பெய்ய வேண்டுமானால் அங்கே எவ்வளவு ஈரம் இருந்திருக்க வேண்டும், காற்று எப்படிக் குவிந்திருக்க வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்கிட்டு, மாதிரியின் தொடக்க நிலையை அதற்கேற்பத் திருத்துவது. அளந்த மழையும் மாதிரியின் மழையும் தொடக்கத்தில் நெருக்கமாகப் பொருந்தின. நாள் போகப் போக அந்தப் பொருத்தம் மங்கியது உண்மை. ஆனால் மழையையே ஓர் அவதானிப்பாக மாதிரிக்குள் செலுத்தலாம் என்று காட்டியது பெரிய திருப்பம்.

இப்போது காற்றை எப்படி அளக்கிறோம்? பலூன் மிகச் சிறந்தது, நிலத்தில் மட்டும். போர்ட் பிளேர், மினிக்காய், அமினி போன்ற தீவுகளின் பலூன் நிலையங்கள் அதனால்தான் தங்கத்துக்குச் சமம். ஒரு காலத்தில் இந்தியப் பலூன் கருவிகளின் தரம் குறித்துப் பன்னாட்டு மையங்கள் முகம் சுளித்தன. 2009-ஐ ஒட்டி ஜிபிஎஸ் பொருத்திய கருவிகள் வரத் தொடங்கியதும் நிலைமை மேம்பட்டது. கடலுக்கு மேலே, இன்சாட் வரிசைச் செயற்கைக்கோள்கள் அடுத்தடுத்து எடுக்கும் படங்களில் மேகம் நகர்வதைக் கண்டு காற்றைக் கணக்கிடுகிறார்கள். வேகம் சரியாக வரும். எந்த உயரத்தில் வீசும் காற்று என்பதில்தான் தகராறு. ஃபெஞ்சல் போன்ற சூழலில் மேலே பரந்து கிடக்கும் மெல்லிய பனிமேகம், கீழே என்ன நடக்கிறது என்பதை முழுக்க மறைத்துவிடும். 15 கிலோமீட்டர் உயரக் காற்று நன்றாகத் தெரியும். நமக்கு வேண்டியதோ மூன்று கிலோமீட்டர் உயரக் காற்று.

கடற்பரப்பின் காற்றை, அலைகளின் சொரசொரப்பிலிருந்து ரேடார் எதிரொலி மூலம் அளக்கும் செயற்கைக்கோள்கள் உண்டு. இஸ்ரோவின் ஓஷன்சாட்-2 2009-இலும், ஸ்கேட்சாட்-1 2016-இலும், ஓஷன்சாட்-3 2022 நவம்பரிலும் ஏவப்பட்டன. இவற்றின் மதிப்பு மிகப் பெரியது. குறை என்னவென்றால், இவை பயன்படுத்தும் அலைவரிசை கனமழையில் கலங்கும். புயலின் மையத்தில்தான் கனமழை இருக்கும். ஐரோப்பிய மெட்ஆப் செயற்கைக்கோளின் கருவி மழையை இவ்வளவு பொருட்படுத்தாது. ஆனால் அது பார்க்கும் இரு பட்டைகளுக்கு நடுவே அகன்ற இடைவெளி உண்டு, புயல் அந்த இடைவெளிக்குள் மாட்டிக்கொண்டால் அன்றைக்கு அவ்வளவுதான்.

மேலிருந்து கீழ்வரை காற்றை நேராக அளந்த முதல் செயற்கைக்கோள் ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஏயோலஸ். 2018 ஆகஸ்ட் 22 அன்று ஏவப்பட்டது. புற ஊதா லேசரைக் கீழ்நோக்கிச் செலுத்தி, காற்று மூலக்கூறுகளிலும் தூசியிலும் பட்டுத் திரும்பும் ஒளியின் அலைநீள மாற்றத்திலிருந்து காற்றின் வேகத்தைக் கணக்கிட்டது. லேசர் எதிர்பார்த்ததைவிட வேகமாக வலுவிழந்தது. தொலைநோக்கிக் கண்ணாடியின் வெப்பநிலை மாறும்போதெல்லாம் அளவீடு சாய்ந்தது. அந்தச் சாய்வைக் கண்டுபிடிக்க மாதிரியையே அளவுகோலாகப் பயன்படுத்தினார்கள் என்பது இத்துறையின் சுவையான முரண். 2020 ஜனவரியில் ஐரோப்பிய மையம் அதன் தரவை அன்றாடக் கணிப்பில் சேர்த்தது. ஒரேயொரு செயற்கைக்கோள், ஒரே கோட்டில் மட்டும் அளப்பது. ஆனாலும் கணிப்பில் மேம்பாடு தெளிவாகத் தெரிந்தது, அதிலும் குறிப்பாக வெப்பமண்டலத்தில். கோட்பாடு சொன்னது அப்படியே நடந்தது. 2023 ஜூலையில் அது பூமிக்குத் திருப்பி விழவைக்கப்பட்டது. அடுத்ததைத் திட்டமிட்டிருக்கிறார்கள், அது பறக்க அடுத்த பத்தாண்டு வரை காத்திருக்க வேண்டும்.

ஈரப்பதத்தில் நம் பங்கு பெருமைப்படத்தக்கது. 2011 அக்டோபர் 12 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட இந்திய–பிரெஞ்சுக் கூட்டுச் செயற்கைக்கோள் மேகா-ட்ரோபிக்ஸ். வழக்கமான துருவச் சுற்றுப்பாதைச் செயற்கைக்கோள்கள் துருவங்களை அடிக்கடி பார்க்கும், வெப்பமண்டலத்தை அரிதாகத்தான் பார்க்கும். இதுவோ நிலநடுக்கோட்டுக்கு 20 டிகிரி சாய்வில் மட்டும் சுற்றியதால், ஒரே இடத்தை நாளுக்கு மூன்று முதல் ஆறு முறை பார்த்தது. அதன் முதன்மைக் கருவி 2013-இல் பழுதாகிவிட்டது. ஆனால் சாஃபிர் என்ற நுண்ணலை ஈரப்பத உணரி பல ஆண்டுகள் உழைத்து, நொய்டா, ஐரோப்பிய மையங்களின் மாதிரிகளுக்குள் போனது. 2023 மார்ச்சில் அந்தச் செயற்கைக்கோள் பசிபிக்கில் இறக்கப்பட்டது.

இங்கேதான் என்னைப் பொறுத்தவரை கடந்த இருபது ஆண்டுகளின் மிகச் சிறந்த முன்னேற்றம் நிகழ்ந்தது. முன்பெல்லாம் மேகமும் மழையும் உள்ள இடத்தில் எடுத்த நுண்ணலை அளவீடுகளை மாதிரிகள் தூக்கி எறிந்துவிடும். தெளிந்த வானத்தை மட்டுமே நம்பும். அதாவது வானிலை இல்லாத இடத்தில்தான் அவதானிப்பு இருக்கும். 2009 முதல் ஐரோப்பிய மையம் படிப்படியாக மேகத்துக்குள் எடுத்த அளவீடுகளையும் சேர்க்கத் தொடங்கியது. எதிர்பாராத பலன் ஒன்று கிடைத்தது. பன்னிரண்டு மணி நேரச் சாளரத்துக்குள், இந்த ஈரமும் மேகமும் இந்தந்த நேரத்தில் இந்தந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று மாதிரியைக் கட்டாயப்படுத்தினால், அவற்றை அங்கே கொண்டுசேர்க்கும் காற்றையும் மாதிரி திருத்தியாக வேண்டும். வெப்பநிலையால் தர முடியாத காற்றை ஈரப்பதம் தந்துவிட்டது! கிருஷ்ணமூர்த்தி மழையைக் கொண்டு செய்ய முயன்றதன் நெருங்கிய உறவுதான் இது, கணிதம் மட்டும் வேறு.

2019-இல் ஏவப்பட்ட காஸ்மிக்-2 தொகுதியின் ஆறு செயற்கைக்கோள்களும் வெப்பமண்டலத்துக்கென்றே குறைந்த சாய்வில் சுற்றுகின்றன. ஜிபிஎஸ் சமிக்ஞை வளிமண்டலத்தின் ஊடே வளைந்து வருவதிலிருந்து ஈரத்தையும் வெப்பநிலையையும் கணக்கிடுகின்றன. மேகம் தடையில்லை என்பதால் நமக்கு மிக உகந்தது.

இத்தனை இருந்தும் மாதிரி சிலவற்றை ஏற்க மறுக்கும். ஒவ்வோர் அளவீடும் முந்தைய கணிப்போடு ஒப்பிடப்படும். வெகு தூரம் விலகியிருந்தால் கருவிப் பிழை என்று ஒதுக்கப்படும். நூற்றில் தொண்ணூற்றொன்பது முறை அது சரியான முடிவு. மீதி ஒரு முறைதான் வம்பு: மாதிரி எதிர்பாராத வேகத்தில் ஒரு சுழல் வலுக்கும்போது, அதை நேரில் கண்ட, கடலில் கருவிகளோடு மிதக்கும் மிதவையின் அளவீடு "நம்பத்தகாதது" ஆகிவிடும். மாதிரி எந்த இடத்தில் அதிகம் தவறியிருக்கிறதோ அங்கேதான் திருத்தத்தை அதிகம் எதிர்க்கும். முழுக்க ஒதுக்காமல் எடையைக் குறைத்து ஏற்பது, ஒரே கணிப்பைச் சற்றுச் சற்று மாற்றிப் பலமுறை ஓட்டி இன்றைய நாளில் எங்கே ஐயம் அதிகம் என்று அறிந்து அங்கே அளவீடுகளுக்குக் கூடுதல் மதிப்புத் தருவது என்று வழிகள் வந்திருக்கின்றன. நோய் குறைந்திருக்கிறது, தீரவில்லை.

இதற்கு அப்பால் மாதிரியின் கட்டக அளவு, அதாவது வளிமண்டலத்தை மாதிரி பிரித்துக்கொள்ளும் கட்டங்களின் அகலம். ஐரோப்பிய மையத்தின் கட்டகம் 9 கிலோமீட்டர். 2025 மே மாதம் தொடங்கிய இந்தியாவின் பாரத் முன்கணிப்பு அமைப்பு 6 கிலோமீட்டர். ஒற்றை இடிமழை மேகத்தின் மேலெழும் தூண் இதைவிடக் குறுகியது. அதை மாதிரி நேரடியாகக் காண முடியாது, தோராயச் சூத்திரத்தால் ஈடுகட்டும். அந்தச் சூத்திரம் ஒருபக்கம் சாய்ந்திருந்தால், எவ்வளவு நல்ல அளவீட்டைக் கொடுத்தாலும் சில மணி நேரத்தில் மாதிரி தன் பழைய வழக்கத்துக்குத் திரும்பிவிடும். 2021 டிசம்பர் 30 அன்று சென்னையைத் திணறடித்த மழை இந்த வகை. கடற்கரையை ஒட்டிய குறுகிய மேகக்கூட்டம், கணிப்பில் மிதமான மழை மட்டுமே.

ஃபெஞ்சலுக்கு எது குறைவாக இருந்தது என்று கேட்டால், நான் இரண்டைச் சொல்வேன். ஒன்று, இலங்கையின் கிழக்கே கடலின் மீது ஒன்று முதல் ஆறு கிலோமீட்டர் வரையிலான காற்றளவீடு. ஒரு சுழலை அங்கேயே நிறுத்திவைப்பதும் நகர்த்துவதும், மேலடுக்குக் காற்று அதைச் சாய்க்கிறதா விடுகிறதா என்பதும் அந்த உயரங்களில் முடிவாகிறது. விமானத்திலிருந்து கருவி போடும் திட்டம் ஒன்று வங்கக்கடலுக்கு வேண்டும். தைவான் 2003 முதல் தன் சுற்றுப்புறக் கடலில் செய்துகாட்டியிருக்கிறது. இரண்டாவது, கடல். பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் வங்கக்கடலில் மிதவைகளைப் பராமரிக்கிறது. ஆறுகள் கொட்டும் நன்னீர் அக்டோபர், நவம்பரில் வங்கக்கடலின் மேலே மெல்லிய படலமாக நிற்க, அதன் அடியில் வெப்பம் தேங்கியிருக்கும்; புயல் கடலைக் கலக்கினாலும் மேற்பரப்பு எளிதில் குளிராது. மேற்பரப்பு வெப்பநிலையை மட்டும் பார்க்கும் செயற்கைக்கோளுக்கு இது தெரியாது, மிதவைக்குத் தெரியும். ஆனால் அந்த மிதவைகளைச் சிலர் கட்டி இழுப்பதும் உணரிகளைக் கழற்றிச் செல்வதும் நடக்கிறது, அதனால் தொடர்ந்து பராமரிக்க வேண்டும். பராமரிப்பை விட்டால் என்னவாகும் என்பதற்குப் பசிபிக் சாட்சி: எல் நினோவைக் கண்காணிக்க 1994-இல் முழுமையான சுமார் 70 மிதவைகளின் அணி, பராமரிப்புக் கப்பல் 2012-இல் ஓய்வுபெற்றதும் இரண்டே ஆண்டில் பாதிக்கும் குறைவான தரவையே தந்தது.

கடைசியாக, தெருவுக்கு ஒரு தானியங்கி நிலையம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னைக்கு வரும் காற்று நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வீசினால், ஒரு நாளில் 860 கிலோமீட்டர் கடக்கும். நாளை இதே நேரம் உங்கள் மொட்டைமாடிக்கு மேலே இருக்கப்போகும் காற்று, இப்போது சென்னைக்கும் அந்தமானுக்கும் நடுவே, பலூன் நிலையமோ ரேடாரோ எட்டாத கடலின் மேல் இருக்கிறது. சென்னைத் தெருவில் இன்று எடுக்கும் அளவீடு, தரையோடு ஒட்டிய காற்றைப் பற்றியது. அந்தக் காற்று நாளைக்குள் மேற்கே வெகுதூரம் போயிருக்கும். எனவே நாளைய, நாளை மறுநாளைய கணிப்புக்குத் தெரு நிலையங்கள் ஏறக்குறைய ஒன்றும் செய்யாது. அடுத்த இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ரேடார் காட்டும் மழையளவைத் திருத்தவும், எந்தச் சுரங்கப்பாதையை எப்போது மூடுவது என்று மாநகராட்சி முடிவெடுக்கவும், பெய்து முடிந்தபின் கணிப்பு எவ்வளவு சரி என்று சோதிக்கவும் அவை மிக அவசியம். அந்தப் பணிக்காக எத்தனை வைத்தாலும் தகும்; அதே பணத்தில் புயல் கணிப்பு மேம்படும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.